இன்னுமா அங்கேயே

தண்டோரே முகாமின் ஏழாம் அறை, நகரத்தில் யாராவது "இன்னுமா அவங்க அங்கயே இருக்காங்க?" என்று கேட்கும்போதெல்லாம் ஒரு விரற்கடை சுருங்கியது. சந்தையில் கேட்டாலும் சுருங்கும், கல்யாணப் பந்தியில் கேட்டாலும் சுருங்கும். எரிச்சலோடு கேட்டாலும் சரி, பேச்சுவாக்கில் கேட்டாலும் சரி, அளவில் வித்தியாசம் இல்லை. முகாமின் மற்ற அறைகளும் இப்படித்தான் சுருங்கின. ஏழாம் அறையில் இருந்த ஹஸ்தினையும் அவன் மனைவி ஜும்ரியாவையும் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும் என்பதால், அந்த அறையில் நடந்ததைச் சொல்கிறேன்.

சுலவேசித் தீவில் எங்கள் பள்ளத்தாக்கு நிலநடுக்கத்தில் குலுங்கிய மாலையில் நிலம் கஞ்சியாகி நடந்தது. தென்னை மரங்கள் நின்றபடியே அடுத்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தன. ஹஸ்தின் வாடகைக்கு இருந்த வீடு, சமையலறை விளக்கு எரிந்துகொண்டிருக்க, தெருவைக் கடந்து போய் ஒரு பள்ளிக்கூடத்தின் மேல் உட்கார்ந்தது. அவன் ஓட்டிக்கொண்டிருந்த வேன் மண்ணுக்குள் போனது. தெருக்கோடி வீட்டுக்குக் குர்ஆன் ஓதப் போயிருந்த மகள் அய்னி அந்தத் தெருவோடு போனாள். பிறகு அங்கே ஒரு வெற்று வயல்தான் இருந்தது. அந்த வயலின் ஓரத்தில்தான் அரசாங்கம் ஒட்டுப்பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக முகாமைக் கட்டியது. காலையில் கதவைத் திறந்தால் வயல் தெரியும். ஹஸ்தின் தினமும் கதவைத் திறந்து ஒருமுறை பார்த்துவிட்டு மணல் அள்ளும் வேலைக்குப் போவான். ஜும்ரியா சின்ன வெங்காயத்தை வறுத்துப் பாட்டிலில் அடைத்துச் சந்தையில் விற்றாள்.

முதல் வருஷம் அறை மிகப் பெரியதாக இருந்தது. இதைப் பலர் மறந்துவிட்டார்கள். அரிசியும் போர்வையும் நூடுல்ஸ் பெட்டிகளும் லாரி லாரியாக வந்த நாட்களில், நகரமே முகாமை நினைத்து அழுத நாட்களில், ஏழாம் அறையின் சுவர்கள் பள்ளிவாசல் முற்றம் அளவுக்குத் தள்ளித் தள்ளிப் போயின. ஒரு மூலையில் இருந்து கூப்பிட்டால் மறுமூலையில் எதிரொலிக்கும். சந்தையில் டீக்கடை வைத்திருக்கும் தர்விஸ், தன் கடையே இடிந்து கிடந்த வாரத்தில், எங்கிருந்தோ மாட்டெலும்பு வாங்கிவந்து புளியும் மிளகாயும் போட்டு முகாம் முழுவதற்கும் சூப் வைத்துக் கொடுத்தான். ஹஸ்தினின் அக்கா நுர்ஹயாத்தி மேட்டுப் பகுதியில் இருந்தாள். அவள் வீட்டுக்கு ஒரு கீறல்கூட இல்லை. முகாம் கட்டி முடிக்கும்வரை தம்பி குடும்பத்தைத் தன் வீட்டில்தான் வைத்திருந்தாள்.

பிறகு நிலப் பத்திரம் இருந்தவர்களுக்கெல்லாம் மலைப்பக்கம் நிரந்தர வீடு கிடைத்தது. வாடகைக்கு இருந்தவர்களுக்கு அடுத்த கட்டத்தில் என்றார்கள். முகாமை விட்டு வெளியேறினால் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும் என்றும் சொன்னார்கள். அடுத்த கட்டம் வரவில்லை. அரிசி மட்டும் மாதம் ஒருமுறை வந்தது. நகரத்துக்குப் புதுப் பாலம் வந்தது, புதுக் கடைகள் வந்தன, முகாம் அப்படியே இருந்தது. அப்போதுதான் அந்தக் கேள்வி புழக்கத்துக்கு வந்தது. அறை முதலில் இயல்பான அளவுக்குத் திரும்பியது. அதற்குப் பிறகும் நிற்கவில்லை. அலமாரியை வெளியே வைத்தார்கள். அடுத்த மழைக்காலத்தில் அடுப்பையும் வெளியே வைத்தார்கள். அந்த அறையில்தான் இரண்டாவது மகள் மெலாத்தி பிறந்தாள். பிரசவம் பார்க்க வந்த மருத்துவச்சி வாசலில் நின்றபடியே கையை நீட்டிப் பார்த்தாள்.

புகார் கொடுத்ததும் ஓர் அதிகாரி வந்தார். நல்ல மனுஷன், வியர்த்துப்போயிருந்தார். பக்கவாட்டில் திரும்பித்தான் உள்ளே நுழைய முடிந்தது. அளவு நாடாவைப் பிடித்துப் பார்த்தார். வரைபடத்தில் இருந்த அளவையே அது காட்டியது. "சரியாத்தானேம்மா இருக்கு" என்றார் ஜும்ரியாவிடம். நாடாவை விரித்துப் பிடித்த அவர் கைகள் இரண்டும் அப்போது இரண்டு சுவரிலும் இடித்துக்கொண்டிருந்தன.

வானொலியில் ஒரு நேயர் நிகழ்ச்சி வந்தபோதுதான் காரணம் தெரிந்தது. முகாமுக்கு உதவியை நிறுத்தலாமா, தொடரலாமா என்பது அன்றைய பேச்சு. ஒவ்வொரு நேயரும் பேசி முடிக்கும்போது பலகைச் சுவர் கிரீச்சென்றது. தர்விஸும் பேசினான். "என் கடையும்தாங்க விழுந்துச்சு. எனக்கு யாரு குடுத்தா? பொண்டாட்டி நகையை வித்து நானே எழுப்பினேன். அவங்க பாவம்தான், நான் இல்லேங்கல. ஆனா எத்தனை வருஷத்துக்குங்க பாவம்?" அவன் பேசியதில் பொய் எதுவும் இல்லை. சுவர் கிரீச்சென்றது.

ஹஸ்தின் பக்கத்து அறைக்காரரின் போனை வாங்கி அழைத்தான். "நான் தண்டோரே முகாம்ல இருந்து பேசறேங்க" என்று ஆரம்பித்துத் தட்டுத்தடுமாறிச் சொன்னான். வேலைக்குப் போவதைச் சொன்னான், நிலம் இல்லாததைச் சொன்னான், வாசலுக்கு எதிரே வயல் இருப்பதைச் சொன்னான். வயலில் யார் இருக்கிறாள் என்பதை மட்டும் சொல்லவில்லை. அவன் பேசி முடித்ததும் சுவர்கள் ஒரு முழம் விலகின. ஜும்ரியா குழந்தையோடு காலை நீட்டி உட்கார்ந்தாள். அடுத்த நேயர் வந்தார். "எவ்வளவு நல்லாப் பேசறாரு பாருங்க! இவ்வளவு வாய் இருக்கிறவருக்குப் பொழைக்க வழியா இல்ல?" விலகிய முழம் திரும்பி வந்தது, இன்னொரு முழத்தையும் கூட்டிக்கொண்டு. ஜும்ரியா காலை மடக்கிக்கொண்டாள். ஹஸ்தின் அதற்குப் பிறகு யாரையும் அழைக்கவில்லை.

ஜும்ரியா சந்தையில் தான் எங்கே இருக்கிறாள் என்று சொல்வதை நிறுத்தினாள். முகாம்காரி என்று தெரிந்தால் ஒன்று பேரம் பேசாமல் கூடுதலாகக் காசு வைத்துவிட்டுப் போனார்கள், அல்லது வாங்காமல் போனார்கள். இரண்டும் அவளுக்கு ஒரே மாதிரிதான் எரிந்தது. அதனால் மேட்டில் நாத்தனார் வீடு என்று சொல்லிவைத்தாள். ஒருநாள் பகல் சந்தை முடிந்து, பயணிகள் வேனில் வாடிக்கைப் பெண்கள் சிலரோடு வந்துகொண்டிருந்தாள். வேன் முகாமைத் தாண்டியது.

"அம்மாடி, இன்னுமா இது இருக்கு?" என்றாள் ஒருத்தி.

"வாசல்ல அடுப்பைப் பாரேன். உள்ள வச்சுக்கத் தெரியாதா?" என்றாள் இன்னொருத்தி. பிறகு ஜும்ரியாவைப் பார்த்து, "நீ சொல்லு, நீ இந்த வழியாத்தானே தினம் வர்ற?"

அது அவளுடைய அடுப்புத்தான். எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். "பழகிப்போச்சுக்கா அவங்களுக்கு" என்றாள் ஜும்ரியா. "சும்மா கெடைச்சா யாருக்குத்தான் எழுந்திருக்க மனசு வரும்?" பெண்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். மேட்டுப் பகுதிவரை போய் இறங்கி, வந்த வழியே நடந்து திரும்பினாள்.

ஹஸ்தின் இரண்டு சுவர்களுக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தான். மெலாத்தி அவன் தோளில் இருந்தாள். பாய் இனி விரிக்க முடியாது, சுருட்டி நிறுத்தத்தான் முடியும். "இன்னிக்கு யாரோ ரொம்பக் கிட்டக்க இருந்து சொல்லியிருக்காங்க" என்றான்.

"நான்தான்" என்றாள் ஜும்ரியா.

அவன் கோபப்படுவான் என்று நினைத்தாள். "நம்பினாங்களா?" என்று கேட்டான்.

"நம்பிட்டாங்க."

"எல்லாருமேவா?"

"எல்லாரும். ஒருத்திகூட சந்தேகப்படல." அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. ஹஸ்தின் வயிற்றை எக்கிக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்று, அவள் உள்ளே வர இடம் விட்டான். அன்றிலிருந்து அவர்கள் ஒருவர் பக்கத்தில் ஒருவர் ஒருக்களித்துப் படுத்தார்கள். ஒருவர் திரும்ப வேண்டுமென்றால் மற்றவரை எழுப்பிச் சொல்லிவிட்டுத் திரும்பினார்கள்.

அந்த வருஷ நோன்புப் பெருநாளுக்கு நுர்ஹயாத்தி எலும்பு சூப்பைப் பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு வந்தாள். பாத்திரம் வாசலில் நுழையவில்லை. அதைக் கீழே வைத்துவிட்டு, அவள் மட்டும் பக்கவாட்டில் நுழைந்து பாதியில் நின்றாள்.

"தம்பி, நான் அப்படிக் கேட்டதே இல்லடா" என்றாள்.

"தெரியும்க்கா."

"நெனைச்சிருக்கேன். உங்களை அனுப்பின அன்னிக்கே நெனைச்சேன், அப்பாடா, இனிமே திரும்பி வரமாட்டாங்கன்னு. வாய்விட்டுச் சொன்னதில்ல."

"நெனைச்சா சுருங்காதுக்கா" என்றான் ஹஸ்தின், மழை வருமா வராதா என்று சொல்கிற மாதிரி.

"எல்லாத்தையும் போட்டுட்டு வந்துருங்க. மருமக வந்திருக்கா, இருந்தாலும் பின்னறையை ஒழிச்சுத் தர்றேன்."

"வந்தா பேரு போயிடும்க்கா" என்றான். பிறகு வாசலை மறைத்துக்கொண்டிருந்த அவளைத் தாண்டி வயலைப் பார்த்தான். அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. ஜும்ரியாதான் சொன்னாள், "அண்ணி, மெலாத்தியை மட்டும் கொஞ்ச நாள் வச்சிருங்க. கையைக் காலை நீட்டித் தூங்கட்டும்."

மெலாத்திக்கு அப்போது பேச்சு நன்றாக வந்துவிட்டது, ஓடத்தான் தெரியாது. நுர்ஹயாத்தி வீட்டுக் கூடத்தில் இறக்கிவிட்டபோது, மூன்று எட்டு வைத்துவிட்டுச் சுவரைத் தேடிக் கையை நீட்டினாள். கை காற்றில் துழாவியதும் வீரிட்டு அழுதாள். மதியம் மெத்தையில் படுக்கவைத்தார்கள். ஜன்னலைத் திறந்தார்கள், விசிறினார்கள், நுர்ஹயாத்தியின் மருமகள் பாட்டுக்கூடப் பாடினாள். குழந்தை மெத்தையின் நடுவில், கடலில் மிதப்பவளைப் போல விரிப்பை இறுகப் பிடித்துக்கொண்டு விழித்தே கிடந்தது. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் மெத்தையில் ஆளில்லை. வீடு முழுவதும் தேடினார்கள். துணி அலமாரிக்கும் சுவருக்கும் இடையில் இருந்த இடுக்கில், ஒருக்களித்து நின்றுகொண்டிருந்தாள்.

"வெளிய வா கண்ணு, அங்க பல்லி இருக்கும்" என்றாள் நுர்ஹயாத்தி.

"அத்தை, இது பெருசா இருக்கு" என்றாள் மெலாத்தி.

நுர்ஹயாத்தி அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். மருமகள் ஏதோ சொல்ல வந்தாள். அவளைக் கையைக் காட்டி நிறுத்தினாள். பிறகு இடுப்பில் கட்டியிருந்த சாரோங்கை இழுத்துச் செருகிக்கொண்டு, அலமாரிக்கு இந்தப் பக்கம் வந்து, தோளைக் கொடுத்துத் தள்ளினாள். கனமான அலமாரி. தரையைக் கீறிக்கொண்டு சுவரை நோக்கி நகர்ந்தது.

"போதுமா?"

"இன்னும் கொஞ்சம்."

நுர்ஹயாத்தி மூச்சை இழுத்துவிட்டு மறுபடியும் தள்ளினாள்.

"அவ்ளோதான் அத்தை" என்றது உள்ளேயிருந்து குரல். நின்ற நிலையிலேயே குழந்தை தூங்கிப்போனது. யாரும் சத்தம் போடாதீர்கள் என்று நுர்ஹயாத்தி வீட்டில் எல்லோருக்கும் சொன்னாள். அலமாரியிலிருந்து துணி எடுக்க வந்தவர்கள் பிறகு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.