பிணைப்பை உடைத்தால் மூன்று பொத்தான்

மேனேஜர் என்று வகுப்பே கூப்பிடும் அந்தப் பெண்ணுக்குத் தன் பேனாவை மேய்க்கவே துப்புக் கிடையாது. மூடியை எங்காவது தொலைத்துவிட்டு, தேடும் வேலையை மற்றவர்கள் தலையில் கட்டுவாள். வேதியியல் டீச்சர், மூன்று மூன்று பேராகச் சேர்ந்து ஒரு பலகை விளையாட்டு செய்துகொண்டு வாருங்கள் என்று சொல்லி வாயை மூடுவதற்குள் அவள் தன் தோழி குச்சியின் கையைப் பிடித்துவிட்டாள். பிடிக்காவிட்டாலும் குச்சி அவளோடுதான் சேர்ந்திருப்பாள். முதல் வகுப்பிலிருந்து இருவருக்கும் ஒரே பெஞ்சு. மூன்றாவது ஆளாக ரேடியோ தானாக வந்து ஒட்டிக்கொண்டாள். பரீட்சை நேரத்தில்கூட வாய் ஓயாத அவளை வேறு எந்தக் குழுவும் சீண்டவில்லை.

குச்சியின் அம்மா தையல்காரர். அவர்கள் வீட்டு முன்னறையில் துணி வெட்டும் பெரிய மேசை இருந்ததால், பட்டறை அங்கேதான். சட்டைப் பெட்டி அட்டையில் அணுக்களை வட்டம் வட்டமாக வெட்டினார்கள். ஓரங்களில் அம்மாவின் டப்பாவிலிருந்து எடுத்த கொக்கிகளைத் தைத்தார்கள்: ஹைட்ரஜனுக்கு ஒன்று, ஆக்சிஜனுக்கு இரண்டு, கார்பனுக்கு நான்கு. கொக்கியோடு கொக்கி மாட்டினால் பிணைப்பு. எந்தக் கொக்கியும் சும்மா தொங்காவிட்டால் மூலக்கூறு தயார். சிவப்புப் பொத்தான்கள்தான் வெப்பம்; கடைசியில் யாரிடம் அதிகமோ அவருக்கே வெற்றி. படம், வண்ணம் எல்லாம் குச்சி பார்த்துக்கொண்டாள். அவள் கை பட்டால் கார்பனுக்குக்கூடக் களை வந்துவிடும்.

விதிகளை எழுதும் பொறுப்பு மேனேஜருடையது. அவள் மனம் எழுதும் நிலையில்தான் இல்லை.

போன வாரம் அவள் பாவாடைக்கு அளவெடுக்கும்போது குச்சியின் அம்மா பேச்சோடு பேச்சாக ஒன்று சொல்லியிருந்தார். வருகிற வருஷம் குச்சி வெளியூரில் ஓவியப் பள்ளிக்குப் போகிறாளாம், விடுதியிலும் இடம் கிடைத்துவிட்டதாம். "உன்கிட்ட சொல்லியிருப்பாளே" என்றார். "சொன்னா ஆன்ட்டி" என்று மேனேஜர் கூசாமல் பொய் சொன்னாள். வீட்டுக்குப் போய்த் தலையணையில் முகத்தைப் புதைத்து அழுதாள். இருவரும் அறிவியல் எடுப்பது, ஒரே கல்லூரி, ஒரே ஆய்வகம் என்று எத்தனை வருஷமாகப் போட்ட திட்டம்! குச்சியாகவே வாயைத் திறப்பாள் என்று காத்திருந்தாள். ஊஹூம். தானே கேட்டுவிட்டால் என்ன? கேட்க மாட்டாள். ரோஷக்காரி.

அந்தக் கோபத்தோடு எழுதினால் விதி எப்படி இருக்கும்? அடுத்தவர் சேர்த்த மூலக்கூறை யார் வேண்டுமானாலும் உடைத்து ஓர் அணுவைப் பிடுங்கிக்கொள்ளலாம். பிணைப்பை உடைப்பவருக்கு மூன்று பொத்தான் பரிசு என்று எழுதினாள். உடைத்தால் சக்தி வெளியே வரும் என்பதில் அவளுக்கு ஒரு சந்தேகமும் இல்லை. பட்டாசு வெடிக்கும்போது பார்த்ததில்லையா?

மறுநாள் விளையாடிப் பார்த்தார்கள். இரண்டாவது சுற்றிலேயே ரேடியோ சூட்சுமத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். மாங்கு மாங்கென்று எதையும் சேர்க்க வேண்டாம், மற்றவர்கள் சேர்த்ததைக் கலைத்தால் போதும். குச்சி பாடுபட்டுக் கோத்த மீத்தேன் போயிற்று. மேனேஜரின் தண்ணீரும் போயிற்று. கொஞ்ச நேரத்தில் ரேடியோவின் மடி நிறையப் பொத்தான், பலகையில் உருப்படியாக ஒரு மூலக்கூறு இல்லை.

குச்சி விதித்தாளை எடுத்துப் படித்தாள். "இது தலைகீழா இருக்குடி. பிணைப்பை உடைக்க வெப்பம் செலவாகும். புதுசா சேரும்போதுதான் வெளிய வரும். பட்டாசுலயும் அப்படித்தான். அதனால உடைக்கிறவதான் பொத்தான் கட்டணும்."

வேதியியலே வேண்டாம் என்று போகிறவள் தனக்கு வேதியியல் சொல்லித்தருகிறாள் என்று மேனேஜருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடக்கி வைத்ததெல்லாம் வாய்க்கு வந்துவிட்டது.

"விட்டுட்டுப் போறவளுக்கு என்னடி செலவு? புது ஸ்கூல், புது ஹாஸ்டல், எல்லாம் லாபம்தானே?"

ரேடியோ கப்சிப். உள்ளறையில் ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷினும் நின்றது. குச்சியின் முகம் வெளுத்துப்போயிற்று. யார் சொன்னது என்று அவள் கேட்கவில்லை. கையிலிருந்த தாளை மேசைமேல் வைத்து நீவிவிட்டுக்கொண்டே இருந்தாள்.

"எத்தனை தடவை உங்க வீட்டு வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போயிருக்கேன், தெரியுமா?" என்றாள். "நான் போகலைன்னு அம்மாகிட்ட சண்டைகூடப் போட்டேன். உன்கிட்ட சொன்னா நீ அழுவே. நீ அழுதா நான் போக மாட்டேன். ஆனா எனக்குப் போகணும்டி."

இந்த ஒரு வாரமும் நஷ்டமெல்லாம் தனக்கு மட்டும்தான் என்று மேனேஜர் நினைத்திருந்தாள். எதிரில் இருப்பவளின் கண்ணுக்குக் கீழே விழுந்திருந்த கருவளையம் அவள் பார்வையில் இப்போதுதான் பட்டது. எல்லாவற்றையும் மேற்பார்வை பார்ப்பதாகப் பேர், இதைப் பார்க்கவில்லையே என்று தன்மேலேயே வெறுப்பாக இருந்தது.

மௌனம் ரேடியோவுக்கு ஒத்துக்கொள்ளாது. "அப்ப எத்தனை பொத்தான் கட்டணும்னு போடறது?" என்று மெல்லக் கேட்டாள்.

"மூணெல்லாம் பத்தாது. ஆறு" என்றாள் குச்சி.

மேனேஜர் ரேடியோவின் பேனாவைப் பிடுங்கிப் பழைய விதியை அடித்தாள். உடைப்பவர் ஆறு பொத்தான் கட்ட வேண்டும் என்று எழுதினாள். எழுதியதை ஒரு தடவை படித்துப் பார்த்தாள். பிறகு அதையும் அடித்துவிட்டு, உடைப்பவர் மூன்று, இழப்பவர் மூன்று என்று எழுதினாள்.

குச்சி எட்டிப் பார்த்தாள். "அப்படி ஒரு கணக்கு பாடத்துல கிடையாது. டீச்சர் மார்க்கைக் குறைச்சிடுவாங்க."

"குறைக்கட்டும்" என்றாள் மேனேஜர். "ஆறையும் நீ ஒருத்தியே கட்டணும்னா, நீ கிளம்பவே மாட்டே."