சின்னவள் ஜன்னல்

பெரியவளுக்கு வயிறு எரிந்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மாமியார் சாயங்காலமானால் அவள் அறையில்தான் நாற்காலி போட்டு உட்காருவார். அவள் மருந்துக் கடை வேலைக்குப் போக ஆரம்பித்ததுதான் தாமதம், நாற்காலி சின்னவள் அறை ஜன்னலுக்குப் போய்விட்டது. நேற்று வந்த ஓரகத்தி அப்படி என்ன சொக்குப்பொடி போட்டாளாம்?

வேறென்ன, அந்த ஜன்னலின் திறக்க முடியாத பெரிய கண்ணாடிதான். சின்னவள் ஜன்னல் துடைப்பதே ஒரு கூத்து. முதலில் தூசி தட்டுவாள். வெயில் ஏறுவதற்குள் சோப்புத் தண்ணீர், பழைய பருத்தித் துணி, மேலிருந்து கீழே. "அக்கா, தூசியோட தேய்ச்சிடாதீங்க. கம்பி நார் பக்கமே போகாதீங்க. கீறல் விழுந்தா போகவே போகாது" என்று பாடம் வேறு. நாளெல்லாம் நின்றுவிட்டு வருகிறவளுக்கு இது ஒன்றுதான் குறைச்சல்! வீட்டுக்குள் காலெடுத்து வைத்ததும் மேசையில் இருக்கும் சூடான டீயைக் குடித்துவிட்டுத் தன் அறைக்குப் போய்விடுவாள்.

ஒரு லீவு நாளில் சின்னவள் கடைக்குப் போயிருந்தாள், அத்தை குளித்துக்கொண்டிருந்தார். பெரியவள் பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரோடு போய், தூசியோடு தூசியாக, சொட்டுத் தண்ணீர் காட்டாமல் அந்தக் கண்ணாடியைத் தேய் தேய் என்று தேய்த்தாள். கண்ணாடி மங்கியது. மனசு குளிர்ந்தது.

"துணியில மண்ணு இருந்திருக்கும், நான்தான் பார்க்கல" என்று சின்னவள் அழுதாள். பெரியவள் கம்பி நாரைக் கழுவி அதன் இடத்தில் வைத்தாள்.

மறுநாள் வேலை முடிந்து வந்தால், நாற்காலி அங்கேயேதான்! அத்தை மங்கின கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அதான் ஒண்ணும் தெரியலையே அத்தை, இன்னும் இங்க என்ன? என் ரூம் கசக்குதா?"

அத்தை திடுக்கிட்டுத் திரும்பினார். "அட, வந்துட்டியா! உன் ரூம்ல இருந்து பார்த்தா பக்கத்து வீட்டுச் சுவருதானே தெரியும்? இங்கதான் பஸ் ஸ்டாப் தெரியும். நீ இறங்குறதைப் பார்த்துட்டுத்தான் தினமும் எழுந்து போய் டீ போடுவேன். இன்னைக்கு யாரு இறங்கினாலும் உன்னை மாதிரியே இருந்துச்சும்மா."

மேசை மேல் அவளுக்காகப் போட்ட மூன்று டம்ளர் டீ ஆறிக் கிடந்தது.

பெரியவள் ஒரு டம்ளரைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு அடுப்படியில் இன்னும் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்த சின்னவளைக் கூப்பிட்டாள்.

"அழாதடி. அதைத் தேய்ச்சது நான்தான்."