இட்லிச் சட்டி மூடி

இரண்டு விரல்கள், கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும், பூக் கிள்ள வருவதுபோல வந்து என் முக்காட்டின் ஓரத்தைப் பிடித்துத் தூக்குகின்றன, ட்யூப்லைட் வெளிச்சம் நெற்றியில் விழுகிறது, வலது புருவத்துக்கு மேலே பிறைமாதிரிக் கிடக்கும் தழும்பைப் பார்த்து ஜனம் மொத்தமும் அல்லேலூயா என்கிறது, நான் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன், பொருட்காட்சியில் இரட்டைத் தலைக் கன்றுக்குட்டி நிற்குமே அதுபோல, அதற்காவது ஒரு கட்டுப் புல் போடுவார்கள். எந்த ஊர்க் கூட்டம் இது, உடன்குடியா, அதற்கும் அப்பாலா, எல்லாப் பந்தலும் ஒரே பந்தலாகிவிட்டது, எல்லா வெள்ளிக்கிழமையும் ஒரே வெள்ளிக்கிழமை, விரல்கள் மட்டும் மாறவில்லை, அவை என் வீட்டுக்காரருடையவை, மேடையில் அவர் பிரதர் சீலாஸ், ஞானஸ்நானத்துக்கு முன்னால் கொம்பையா, மீன் லோடு வண்டி ஓட்டி வருகிற காசைப் பிராந்திக் கடையில் இறக்கிவிட்டு வெறும் வண்டியாக வீட்டுக்கு வருகிற கொம்பையா. வீட்டில் நான் ஏட்டி, மேடையில் என் அருமைத் துணைவியார். சாட்சி சொல்லத் தொடங்கிய புதிதில் அவர் என்னை அடித்தது கரண்டியால், ஊர் ஊராகப் போகப் போக அது உலக்கையாக வளர்ந்தது, போன வருஷம் அரிவாளாகிவிட்டது, நானே பயந்துபோய்த் தலை இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டேன்.

உண்மையில் பறந்து வந்தது இட்லிச் சட்டி மூடி. காலை நேரம், சட்னியில் உப்புக் கூடிவிட்டது, அவர் கைக்கு எட்டிய முதல் சாமான் அது, ஆவியோடு வருகிறது, இப்போதும் வருகிறது, தட்டிலிருந்த இட்லி சிவக்கிறது, நான் முதலில் அடுப்பைத்தான் அணைக்கிறேன், கேஸ் வீணாகுமே, அப்படிப்பட்ட புத்தி எனக்கு, மூடியும் ஒரு பக்கம் நசுங்கிப்போனது, என் தலை அவ்வளவு கெட்டி. ஆனால் இட்லிச் சட்டி மூடிக்கு எவர் அல்லேலூயா சொல்வார்?

அவர் மாறவில்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும், ஞானஸ்நானத் தொட்டித் தண்ணீரிலிருந்து எழுந்தவர் சின்னப் பிள்ளைபோல அழுதார், குடியை விட்டார், அன்றிலிருந்து ஒருநாளும் கை ஓங்கியதில்லை, பிசாசு அவரை விட்டுப் போயிற்றுதான், போகும்போது அடுக்களைக்கு மட்டும் வழி சொல்லாமல் போய்விட்டது, தின்ற தட்டு தின்ற இடத்திலேயே கிடக்கும். என்னிடம் ஆண்டவர் அவருக்கும் முன்னால் வந்துவிட்டார், தையல் போட்டுப் படுத்திருந்த ஆஸ்பத்திரிக் கட்டிலில், பக்கத்துக் கட்டிலில் யாரோ ஒரு அக்கா முணுமுணுத்த ஜெபத்தைக் கேட்டுக்கொண்டே கிடக்கிறேன், பயம் என்னை விட்டு இறங்கிப் போகிறது, சத்தமில்லாமல், பஸ்ஸிலிருந்து ஆள் இறங்குவதுபோல. இதைச் சாட்சியாகச் சொல்லட்டுமா என்று பாஸ்டரம்மா எப்சிபா அக்காவிடம் ஒருதரம் கேட்டேன், ஒனக்கு அப்படி என்ன பெரிய பாவம் இருக்கு பிள்ள, ஜனத்துக்கு ஒறக்கம் வந்துரும்லா என்றாள். அடித்தவருக்கு மைக், அடி வாங்கினவளுக்கு முன்வரிசைப் பிளாஸ்டிக் நாற்காலி.

எங்கள் சபையின் வருஷாந்திரக் கூட்டத்துக்கு அவரே வெள்ளைச் சேலை எடுத்து வந்தார், வெள்ளையில்தான் தழும்பு எடுப்பாகத் தெரியுமாம். வெளியூர்ப் போதகர் தோமாவைப் பற்றிப் பேசுகிறார், சந்தேகப்பட்டவனுக்கு இயேசு தம் காயத்தைக் காட்டின கதை, எத்தனையோ தரம் கேட்ட கதை, அன்றைக்கு என்னவோ என் தழும்பு குறுகுறுக்கிறது, ஆண்டவர் தாமேதானே காட்டினார், அவர் கையை வேறொருவர் பிடித்துத் தூக்கிக் காட்டவில்லையே. பிரதர் சீலாஸ் மேடையேறுகிறார், அரிவாள் வருகிறது, ஜனம் உச்சுக்கொட்டுகிறது, என் அருமைத் துணைவியார் இப்போது எழுந்து நிற்பார்கள் என்கிறார், அருமைத் துணைவியார் உட்கார்ந்தே இருக்கிறாள். அவர் மைக்கோடு இறங்கி வருகிறார், விரல்கள் வருகின்றன, நான் முக்காட்டை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறேன், எந்திட்டி, பாஸ்டர் பாக்காவ என்று பல்லிடுக்கில் சொல்கிறார், மைக் அதையும் வாங்கிப் பந்தல் முழுக்கச் சொல்லிவிடுகிறது. எந்திக்க மாட்டேன் என்றேன், அதையும் மைக் சொன்னது, சரி, மைக் கிடைத்துவிட்டது, இனி என்ன. இது எனக்குப் பட்ட காயம், காட்டணும்னா நான் காட்டுவேன், தோமாவுக்கு ஆண்டவர் தானாத்தான காட்டுனாரு, பேதுருவா சட்டயத் தூக்கிக் காட்டுனாரு? மாறுனது நீங்கன்னா ஒங்க கையக் காட்டுங்க, எறிஞ்ச கை அதுதான. பொறவு, அது அருவா இல்ல, இட்லிச் சட்டி மூடி.

பின்னால் யாரோ சிரித்தார்கள், எப்சிபா அக்கா பழக்கதோஷத்தில் ஸ்தோத்திரம் என்று விட்டாள், அவர் மைக்கை மறந்து தன் வலது கையையே பார்த்துக்கொண்டு நின்றார், யாரோ தம் கையை அவரிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டதுபோல. அப்புறம் எங்களை எந்தக் கூட்டத்துக்கும் யாரும் கூப்பிடவில்லை, எனக்குள் கீழ்ப்படியாத ஆவி புகுந்துவிட்டதாகச் சபையில் பேச்சு, புகுந்தது உண்மைதான், யார் அனுப்பியது என்றும் எனக்குத் தெரியும், ஞாயிறுதோறும் அதையும் கூட்டிக்கொண்டு அதே முன்வரிசையில்தான் போய் உட்காருகிறேன். பல நாள் கழித்து ஒரு காலையில் அவர் தின்ற தட்டைத் தானே எடுத்தார், எங்கே வைப்பது என்று தெரியாமல் வீட்டுக்குள் வழி தப்பியவர்போலத் தட்டோடு நின்றார், குழாயடியைக் காட்டினேன்.

இன்றைக்குச் சனிக்கிழமை, அடுப்பில் அதே சட்டி, அதே நசுங்கின மூடி, ஆவி ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு போகிறது, அவர் கீழே உட்கார்ந்து மீன் உரசுகிறார், ஆயுசுக்கும் மீன் லோடு அடித்த மனுஷனுக்கு ஒரு சாளையை உரசத் தெரியவில்லை, செதில் சுவரில், கூரையில், என் நெற்றியில். அவர் எழுந்து வருகிறார், இரண்டு விரல்கள், கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும், வருகின்றன, தழும்புக்கு ஒரு சாண் முன்னால் அந்தரத்தில் நிற்கின்றன. செதிலு ஒட்டிருக்கு, எடுக்கட்டுமா, என்று கேட்கிறார். கேட்கிறார். பதில் சொல்ல எனக்கொன்றும் அவசரமில்லை, ஜன்னல் வெளிச்சத்தில் நெற்றி மினுங்குவது அவர் கண்ணில் எனக்கே தெரிகிறது, அல்லேலூயா சொல்ல ஒருவருமில்லை, விரல்கள் காத்துக்கொண்டு நிற்கின்றன, மொதல்ல கையக் கழுவிட்டு வாங்க, என்கிறேன்.