வழியை அடைத்த கல்

படாளத்துக்குப் பின்னால் ஒரு குன்று. அதன் உச்சிக்கு ஒற்றையடிப் பாதை ஒன்று போகிறது. ஞாயிறு காலையில் செங்கல்பட்டிலிருந்து நாங்கள் மூன்று பேர் போய் அதைச் சரிசெய்கிறோம். ஜெகதீசன் ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். ஹம்சினி பள்ளிக்கூட ஆசிரியை. நான் கம்பெனியில் நைட் ஷிப்ட் வேலையை விட்டு நின்றவன். யாரும் எங்களைச் செய்யச் சொல்லவில்லை.

நான் முன்னால் போய்ச் சீமைக்கருவேலத்தை வெட்டுவேன். ஹம்சினி முள்ளை இழுத்துப் போடுவாள். ஜெகதீசன் பாறைகளில் வெள்ளை பெயிண்டால் அம்புக்குறி போடுவார். தப்பான கிளைப்பாதை வந்தால் வெட்டிய முள்ளை அதன் வாயில் போட்டு அடைப்போம். மலையேற வருகிறவர்கள் வழி தவறக் கூடாது.

பாதி உயரத்தில் இடப்பக்கம் அப்படி ஒரு கிளைப்பாதை. மார்ச்சில் அடைத்தோம். அடுத்த ஞாயிறு முள் ஓரமாகக் கிடந்தது. மறுபடி அடைத்தோம். மறுபடி ஓரத்தில் கிடந்தது. ஐந்து வாரம் இப்படியே போயிற்று.

"குடிக்க வர்றவங்க வேலை சார் இது," என்றாள் ஹம்சினி.

"வரட்டும். இன்னிக்கி போடறத எவன் நவுத்துறான்னு பாக்குறேன்," என்றார் ஜெகதீசன். கடப்பாரை கொண்டுவந்திருந்தார்.

மேலே சரிவில் ஒரு பெரிய கல் இருந்தது. அரை மணி நேரம் நெம்பினோம். கல் உருண்டு வந்து, கிளைப்பாதையில் இரண்டு பாறைகளுக்கு நடுவே இறுகி உட்கார்ந்தது. ஹம்சினி கைதட்டினாள். எனக்கும் சந்தோஷம்தான்.

சற்று நேரத்தில் கீழிருந்து ஒரு பெண் இரண்டு மாடுகளை ஓட்டிக்கொண்டு வந்தாள். ஐம்பது வயதிருக்கும். பெயர் கண்ணகி என்று பிறகு சொன்னாள். முதலில் கல்லைப் பார்த்தாள்.

"முள்ளு போட்டதும் நீங்கதானா? முயலு புடிக்கிறவன் எவனோன்னு நெனச்சிகினு இருந்தேன்."

"இது எங்கயும் போவாத வழிம்மா," என்றார் ஜெகதீசன்.

"உனுக்குப் போவாது அண்ணாத்த. அந்தாண்ட சுனை கீது. ஏரி காஞ்சி ஒரு மாசம் ஆவுது. எம் மாட்டுக்கு வேற எங்க தண்ணி? ஆடுன்னா தாண்டிப் பூடும். இது ஒண்ணு சினை மாடு வேற. தாண்டுமா?"

நாங்கள் கல்லோடு மல்லுக்கட்டினோம். கடப்பாரை நுழைய இடமில்லை.

"தள்ளத் தெரிஞ்சிது இல்ல? இப்ப எடு," என்றாள்.

கல்லைச் சுற்றி முள்காட்டுக்குள் புதிதாக வழி வெட்டுவதைத் தவிர வேறு போக்கில்லை. இருபதடி. ஒரு மணி நேரத்தில் வெட்டி முடித்தேன். நல்ல வேலை என்றே நினைத்தேன்.

சினை மாட்டை முன்னால் விட்டாள். அது மூன்றடி வைத்து நின்றுவிட்டது. முதுகில் தட்டினாள், நகரவில்லை. கண்ணகி குனிந்து தரையைப் பார்த்தாள். அவளுக்கும் வெறுங்கால்தான்.

"த பாரு."

நான் வெட்டிய மரத்தின் அடிக்கட்டை கணுக்கால் உயரத்துக்குச் சாய்வாக, ஈட்டி மாதிரி நின்றது. வழி நெடுக அப்படியே.

"பூட்ஸு போட்டவன் வெட்டு இது. குளம்பு நடுவுல ஏறிச்சின்னா மாடு அவ்ளோதான். அடிமாட்டுக்காரன் வந்து நிப்பான்."

பிறகு ஒவ்வொரு கட்டையாக வேரோடு பெயர்த்தோம். ஜெகதீசனும் நானும் மாற்றி மாற்றிக் கடப்பாரை போட்டோம். கண்ணகி குழிகளில் மண் தள்ளி, வெறுங்காலால் மிதித்துக்கொண்டே வந்தாள். குத்திய இடத்தில் நின்று, "இங்க ஒண்ணு," என்றாள். திரும்பவும் தோண்டினோம். ஹம்சினியின் உள்ளங்கை கிழிந்தது. மாடுகள் வெயிலில் வாயில் நுரையோடு நின்றன. மணி ஒன்றரை ஆனது.

இந்த முறை சினை மாடு தரையை முகர்ந்தது, மெதுவாக நடந்தது, கடந்துபோனது. மற்றதும் பின்னாலேயே போனது. நாங்களும் போய்ப் பார்த்தோம். முழங்கால் ஆழத்துக்குப் பாசி பிடித்த தண்ணீர். மாடுகள் தலையைத் தூக்காமல் குடித்தன.

கண்ணகி முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

"கீழேர்ந்து நீங்க வெட்டிகினு வந்த பெரிய வழியிலயும் இதே மாரிதான் கட்ட நிக்கிது. நான் மாட்ட ஓரமா ஓட்டிகினு வரேன். அதையும் புடுங்கிட்டுப் போங்க."

"அதுக்கு எத்தனை நாள் ஆகும்?" என்றாள் ஹம்சினி.

"எத்தினி நாளு வெட்டினீங்களோ, அத்தினி நாளு."