முகமில்லாத தகடு

ஒரு கார்லினோ காசு. மண்ணுக்குள்ளிருந்து தோண்டியெடுத்த பொம்பெய் நகரில், ஆயிரத்து எழுநூறு வருடத்துச் சுவரோவியப் பெண்ணின் முகத்தைப் பார்க்க அன்றைய விலை அதுதான். காசை வாங்கிக்கொண்டு காவலாளி அனியெல்லோ சுவரில் ஒரு வாளித் தண்ணீர் வீசுவான். மங்கிக் கிடந்த வர்ணம் பளிச்சென்று எழும். இங்கிலாந்துச் சீமாட்டிகள் "ஆகா" என்பார்கள். காய்ந்ததும் மறுபடி மங்கிவிடும்.

அரசாங்கக் கலைக்கூடத்தார் நல்ல ஓவியங்களை மட்டும் சுவரோடு பெயர்த்து நேப்பிள்ஸுக்குக் கொண்டுபோனார்கள். இவள் தேறவில்லை. மழைக்கும் வாளிக்கும் விட்டுவிட்டார்கள். இவளைச் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சுப்படமாகவாவது காப்பாற்றுவேன் என்று செதுக்குக்காரன் ஒனோஃப்ரியோ கங்கணம் கட்டிக்கொண்டான். செலவு என் படக்கடையுடையது.

வேலை இழுத்துக்கொண்டே போனதால் நானே நேரில் போனேன். உடை, கை, பூக்கூடை எல்லாம் தாளில் ஏறியிருந்தன. முகம் பாக்கி.

"ஏம்ப்பா, முகத்தை என்ன, சீதனத்துக்கா வெச்சிருக்கே?"

"கண்ணு மேல பாக்குதா, கீழ பாக்குதான்னே தெரியலை, டான் சவேரியோ. தண்ணி ஊத்தவும் பயமா இருக்கு. சுவரு உள்ள உப்பிக் கிடக்கு."

வெயில் இறங்கும்வரை பார்த்தான். பிறகு அவனே காசை நீட்டினான். "அரை வாளி போதும்டா. மெதுவா."

"அரை வாளிக்கும் அதே காசுதான், மேஸ்திரி" என்றான் அனியெல்லோ.

மெதுவாகத்தான் ஊற்றினான். முகம் எழுந்தது. ஒனோஃப்ரியோ பென்சிலைத் தூக்குவதற்குள் பூச்சு பட்டையாகப் பெயர்ந்து கழுத்துவரை விழுந்தது. மண்டியிட்டுத் துண்டுகளைப் புரட்டினான். ஒன்றிலும் கண் இல்லை.

கடையில் அவனிடம் சொன்னேன்: "பாத்தேல்ல? நினைவுலேருந்து போடு."

"அந்த ஒரு நொடியை வெச்சுப் போட்டா, என் பொண்டாட்டி மூஞ்சிதான் வரும்."

"வரட்டுமே! லண்டன்ல உன் பொண்டாட்டியை யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியுமே."

முகத்தை வெறுமையாக விட்டான். அடியில், 'செதுக்கியவன் ஊற்றச் சொன்ன நீரால் அழிந்தது' என்று பொறித்தான். அதைப் படித்த கலைக்கூடத்தார் அவன் அனுமதிச் சீட்டைப் பறித்தார்கள். பிறகு எந்த இடிபாட்டுக்குள்ளும் அவனை விடவில்லை.

தகடு, தாள், மை, அச்சுக்கூலி: நாற்பத்திரண்டு டுகாட். விற்ற படம் நாலு: இரண்டு டுகாட். மீதிப் படங்கள், பாலாடைக்கட்டி சுற்ற: ஒன்று. தகடு, பாத்திரக்காரனிடம் எடைக்கு: மூன்று. ஒனோஃப்ரியோ பேரில் நிலுவை முப்பத்தாறு. வசூலாகாது.