வாசலில் கொட்டிய கஷாயச் சக்கை

வாசற்கதவைத் திறந்ததுமே தெங் குய்ஜிக்கு உச்சந்தலை வரை சூடேறியது. காலடியில் கஷாயச் சக்கை, ஆவி பறக்கக் கிடந்தது. மூன்றாவது நாளாக இதே கூத்து.

வீட்டில் யாராவது நோயில் படுத்தால் கஷாயம் காய்ச்சி, சக்கையைத் தெருவில் கொட்டுவது அந்த ஊர் வழக்கம்தான். போகிற வருகிற கால்கள் மிதித்து மிதித்து, ஆளுக்குக் கொஞ்சமாக நோயைக் கொண்டுபோய்விடும். அதற்காக யாரும் யாரையும் திட்டுவதில்லை. ஆனால் தெரு என்றால் நடுத்தெரு. அடுத்தவள் வாசற்படியைத் தெரு என்று எவள் சொன்னாள்?

"அடியே சூயுன்! வெளிய வாடி! உன் புருஷன் நோவை என் தலையில கட்டலாம்னு பாக்குறியா?"

எதிர்வீட்டு சூயுன் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "என்னக்கா பண்றது? குழாய் போடறேன்னு நடுத்தெருவைத் தோண்டிப் போட்டுட்டானுங்க. எல்லாரும் நடக்கறதே உங்க வாசல் ஓரமாத்தான். குழிக்குள்ள கொட்டினா யாரு மிதிப்பா, எலியா?"

"அதுக்கு நான்தான் கெடைச்சேனா? மூணு நாளா மிதிச்சு என் முட்டி வீங்கிக் கெடக்கு, பாரு!"

"உங்க முட்டி போன வருஷத்துலேர்ந்தே வீக்கம்தானேக்கா."

அது உண்மை. உண்மை என்பதாலேயே கோபம் இரண்டு மடங்கானது. குய்ஜி துடைப்பத்தையும் முறத்தையும் எடுத்து வந்து, சக்கையை ஒரு துணுக்கு விடாமல் கூட்டி அள்ளினாள். அப்படியே எதிர்வீட்டுக் கட்டிலிலேயே கொண்டுபோய்க் கொட்டிவிடுவது என்று நிமிர்ந்தவள், முறத்தைப் பார்த்து நின்றுவிட்டாள்.

இருபத்திரண்டு வருடமாக லோ முதலாளியின் மூலிகைக் கடைப் பின்கொட்டகையில் அவளுக்கு ஒரே வேலை. தசை இழுப்புக்குக் கஷாயத்தில் போடும் பாய்ஷாவ் என்ற வெள்ளை வேரைத் தரம் பிரிப்பது. நல்லது ஒரு பக்கம். பூஞ்சை பிடித்தது, பூச்சி அரித்தது, உள்ளே கறுத்தது எல்லாம் இன்னொரு பக்கம். கழித்த வேரை அவள் சும்மா வீசமாட்டாள். கத்தியால் தலையிலிருந்து வால் வரை ஆழமாக ஒரு கீறல் இழுத்துவிட்டுத்தான் போடுவாள். யாராவது தெரியாமல் கலந்து, எத்தனை மெல்லிய சில்லாக நறுக்கினாலும், ஒவ்வொரு சில்லின் ஓரத்திலும் ஒரு வெட்டு நிற்கும். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. அவளாகப் பிடித்துக்கொண்ட பழக்கம். கொட்டகையில் எல்லோரும் கேலி செய்வார்கள். கழித்த மூட்டைகள் செங்கல் சூளைக்கு எரிக்கப் போகின்றன என்றுதான் முதலாளி சொல்லியிருந்தார்.

முறத்தில் கிடந்த வெள்ளைச் சில்லு ஒன்றை எடுத்தாள். ஓரத்தில் வெட்டு. இன்னொன்றை எடுத்தாள். அதிலும் வெட்டு. கிளறக் கிளற எல்லாவற்றிலும் அதே வெட்டு. மூக்கருகே கொண்டுபோனாள். கறுப்பை மறைத்து வெளுப்பதற்குப் போட்ட கந்தகப் புகையின் நெடி கொதித்த பிறகும் போகவில்லை.

"இத எங்கடி வாங்கின?"

"எங்க வாங்குவேன்? உங்க கடையிலதான். குய்ஜி அக்கா பொறுக்கின வேர், கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்னு நான்தான் இவர்கிட்ட சொன்னேன். ஏங்க்கா?"

குய்ஜி முறத்தோடு சூயுன் வீட்டுக்குள் போனாள். சந்தையில் இரண்டு மூட்டையை ஒரே முதுகில் தூக்கிய அவள் புருஷன் லாவ் ச்சியு, கட்டிலில் எலும்பும் தோலுமாகக் கிடந்தான். கெண்டைக்கால் இழுக்கிறது என்று ஆரம்பித்த மருந்து. அதில் பாய்ஷாவ்தான் பிரதானம். நாற்பது நாளாகக் குடிக்கிறான். இழுப்பும் நிற்கவில்லை, சாப்பிட்டதும் வயிற்றில் தங்கவில்லை.

"வாந்தி வந்தா நல்லதாம்க்கா," என்றாள் சூயுன். "கெட்டதெல்லாம் வெளிய வருதாம். லோ முதலாளியே சொன்னாரு."

"அவன் வாயில மண்ணு விழ! இனிமே ஒரு சொட்டு கொடுக்காத. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. இப்பவே போ!"

முறத்தைத் தூக்கிக்கொண்டு அவள் நடந்தாள். வழியில் சோயாப்பால் விற்கிறவன், "என்ன தெங் அக்கா, முறத்தோட எங்க?" என்று கேட்டதற்கும் நிற்கவில்லை. அவளுக்கு முதலாளி மீது எவ்வளவு ஆத்திரமோ, அவ்வளவு ஆத்திரம் தன் மீதும் இருந்தது. தன் பெயரை நம்பி ஒருத்தி விஷம் வாங்கியிருக்கிறாள்.

லோ அப்போதுதான் கடையைத் திறந்து, தேநீர்க் குடுவையோடு உட்கார்ந்திருந்தார். குய்ஜி வெட்டு விழுந்த சில்லுகளை எடுத்துக் காட்டினாள். அவர் முறத்தை ஒருமுறை பார்த்தார், அவ்வளவுதான்.

"கொதிச்ச சக்கையைக் கொண்டாந்து காட்டுனா எவன் நம்புவான்? கத்தி வழுக்கிருக்கும்."

"எல்லாச் சில்லுலயும் வழுக்குமா?"

"இங்க பாரு குய்ஜி." அவர் குரலைத் தாழ்த்தினார். "கழிச்ச வேருல கீறல் போடறது நீ ஒருத்திதான். இது கெட்ட வேருன்னு நீ சொன்னா, கலந்தது நீதான்னு நான் சொல்வேன். பேசாம கொட்டகைக்குப் போ. வேர் வந்து கெடக்கு."

கொட்டகைக்குப் போ என்றதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. படியிறங்கி வெளியே வந்தாள். திரும்பி நின்று, முறத்தை அப்படியே கடையின் வாசற்படியில் கவிழ்த்தாள்.

மருந்துக் கடை வாசலில் கஷாயச் சக்கை! காலை வியாபாரத்துக்கு வந்தவர்கள் அப்படி அப்படியே நின்றார்கள். ஒருவரும் தாண்டவில்லை. கடைப்பையன் துடைப்பத்தோடு வந்து, தரையைப் பார்த்ததும் பின்வாங்கினான்.

"கூட்டுடா!" என்று கத்தினார் லோ.

"நீங்களே கூட்டுங்க முதலாளி. எனக்குக் குழந்தை இருக்கு."

குய்ஜி ஒரு சில்லை விரலிடுக்கில் பிடித்துத் தூக்கிக் காட்டினாள். "இந்த வெட்டைப் பாத்துக்கங்க. எரிக்கச் சொல்லிக் கழிச்ச வேருக்கு நான் போட்ட வெட்டு. உள்ள இருக்கிற பெட்டியிலயும் இது இருக்கும்."

கூட்டத்தில் மூட்டைக் கணக்கில் வாங்குகிற வெளியூர் வியாபாரி ஒருவர் இருந்தார். பத்து வருட வாடிக்கை. அவர் நிதானமாகச் சொன்னார்: "அவ சொல்றது பொய்னா ரொம்ப சுலபம், லோ. பாய்ஷாவ் பெட்டியை இங்க எடுத்துட்டு வந்து காட்டு. பாத்துட்டுப் போறோம்."

லோ மருந்து அலமாரியிலிருந்து பாய்ஷாவ் பெட்டியை உருவினார். நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசல் வரை வந்தார். ஈரச் சக்கை படியை முழுக்க அடைத்துக் கிடந்தது. வலது காலைத் தூக்கினார். தூக்கிய கால் அந்தரத்தில் நின்றது, பிறகு பின்னால் போனது.

"மிதிச்சிட்டு வாங்க முதலாளி," என்றாள் குய்ஜி. "நாப்பது நாள் ஒரு மனுஷன் இதைக் குடிச்சிருக்கான். உங்களால ஒரு மிதி மிதிக்க முடியலையா?"

அவர் பெட்டியைப் பிடித்தபடி உள்ளேயே நின்றார்.