குளவிப் பெட்டி

பெட்டி மறுபடியும் கத்தியது. ஏழாம் நம்பர் மலையில் தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் கூடைகளோடு பாதைக்கு ஓடிவந்து அண்ணாந்து பார்த்தார்கள். குளவி இல்லை. காற்றில் சவுக்கு மரம்தான் ஆடியது.

"பாப்பா, இது சும்மா சும்மா கத்துது" என்று மரத்தடியில் நின்ற ரூபிகாவிடம் சொன்னாள் அன்னம்மா. "ஒவ்வொரு தடவயும் ஓடினா கிலோ எப்படி வரும்? அரப்பேரு போட்டுர்றாங்க."

கிலோ குறைந்தால் முழு நாள் நின்றாலும் அரை நாள்தான் கணக்கு. அதுதான் அரைப்பேர். ரூபிகாவின் அம்மா மீனம்மா கூடைக் கயிற்றுக்கு அடியில் தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு கொழுந்துக்குத் திரும்பினாள். மகள் செய்த பெட்டியை நாலு பேர் முன்னால் குறை சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

ரூபிகா அதே தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் வளர்ந்து, பல்கலைக்கழகத்தில் கணினி படித்து, தோட்டத்தை நடத்தும் துரையிடம் கெஞ்சி அந்தப் பெட்டியை மரத்தில் மாட்டியவள். அதற்குள் இருந்தது, குளவியின் இரைச்சலைக் கேட்டு அறியும் ஒரு கணினி நிரல்; நரம்பு வலை என்பார்கள். அதை அவள் கையால் வடிவமைக்கவில்லை. கணினி நூற்றுக்கணக்கில் வலைகளை உண்டாக்கி, மலையில் பதிவுசெய்த ஒலிகளைக் கேட்கவைத்து மதிப்பெண் போடும். தேறியவற்றைக் கலந்து, அங்கங்கே மாற்றி, அடுத்த தலைமுறையைப் பெறும். தேறாதவை அழியும். எது தேற வேண்டும் என்று மட்டும் அவள் சொன்னால் போதும். அன்று மாலை சொன்னாள்: பொய்யாகக் கத்தினால் மதிப்பெண்ணை நன்றாக வெட்டு. அந்தப் பெண்கள் மேலிருந்த பாசத்தில் செய்ததுதான்.

தலைமுறைகள் ஓடின. வாய் திறந்தவை எல்லாம் செத்தன. பதிவுகளில் குளவி வந்த நேரம் கொஞ்சம், வராத நேரமே அதிகம். ஆகவே எப்போதும் சும்மா இருந்த வலை முதலிடம் பிடித்தது. தோட்டத்தில் பிழைக்கும் வழியை அது நன்றாகவே கற்றிருந்தது. ரூபிகா மதிப்பெண்ணைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு, அதையே பெட்டியில் ஏற்றினாள்.

பனி விலகிய ஒரு காலையில் குளவிக்கூடு கலைந்தது. பெட்டி கத்தவில்லையே என்று அன்னம்மா குனிந்து பறித்துக்கொண்டே இருந்தாளாம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், லொறியிலேயே அவள் உயிர் போனது. மீனம்மா முகம் வீங்கிப் பிழைத்தாள்.

"நான்தாம்மா கொன்னுட்டேன்" என்று ரூபிகா கட்டிலோரம் அழுதாள்.

கண் திறக்க முடியாமல் அம்மா மகளின் கையைத் தேடிப் பிடித்தாள். "நாங்க கேட்டதத்தான நீ செஞ்ச."

சாவு வீடு முடிந்ததும் ரூபிகா விதியைத் திருப்பிப் போட்டாள். ஒரு குளவியைத் தவறவிட்டாலும் அழிவு. இந்த முறை கத்தியவை பிழைத்தன. புதிய பெட்டி காற்றுக்கும் கத்தியது, லொறிக்கும் கத்தியது; ஓடி ஓடிப் பெண்களுக்கு மறுபடியும் அரைப்பேர் விழுந்தது. கத்தட்டும், இனி யாரும் சாகாமல் இருந்தால் போதும் என்று நினைத்தாள்.

மீனம்மா வேலைக்குத் திரும்பிய வாரம் மலையில் சத்தமே இல்லை. பெட்டி பழுதாகிவிட்டதோ என்று ரூபிகா ஏறிப்போய்ப் பார்த்தாள். கத்தும்போது எரியும் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. ஒலிபெருக்கியின் வாய்க்குள் நீலப் பூப்போட்ட துணி ஒன்று இறுக்கித் திணிக்கப்பட்டிருந்தது.

அவள் திரும்பிப் பார்த்தாள். பெண்கள் யாரும் நிமிரவில்லை. வரிசையின் கடைசியில் அம்மா மட்டும் தலைத்துணி இல்லாமல், கூடைக் கயிறு வெறுந்தலையில் அழுந்த, இரண்டு கைகளாலும் பறித்துக்கொண்டிருந்தாள்.